மொட்டை மாடி 5ஜி பாக்ஸ், எட்டு மாச அனுபவம்: சிக்னல் கட்டைய மட்டும் பார்த்து வாங்காதீங்க

எட்டு மாசமா வீட்டுல 5ஜி ஹோம் இன்டர்நெட் ஓடுது. மொட்டை மாடில ஒரு வெள்ளை பாக்ஸ் மாட்டி, டவர்ல இருந்து காத்து வழியா வர்ற சிக்னல அதுல புடிச்சு, ஒரு கேபிள்ல கீழ இறக்கி வைஃபை ரவுட்டருக்குக் குடுப்பாங்கல்ல, அது. கம்பெனி பேரு எழுதல, ஏன்னா நான் சொல்லப் போறது எந்தக் கம்பெனி பாக்ஸ் வாங்குனாலும் உங்களுக்கு நடக்கக் கூடியது. ஃபைபர் வராத ஏரியால இருந்துக்கிட்டு இத வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்காகத் தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

எங்க வீடு மதுரைல விளாங்குடிக்கு அந்தப் பக்கம், புதுசா பிளாட் போட்ட ஏரியா. ரோடு போட்டுட்டாங்க, தெரு லைட்டு வந்துருச்சு, ஃபைபர் மட்டும் ரெண்டு வருசமா "அடுத்த மாசம் சார்"லயே நிக்கிது. என் மனைவி சாயங்காலம் 7 மணில இருந்து 9 மணி வரைக்கும் பத்தாவது பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு எடுக்குறாங்க, எங்க வீட்டுக்கு நெட்டு முக்கியம்னா அந்த ரெண்டு மணி நேரம் தான் முக்கியம், மத்த நேரம் எப்படி ஓடுனாலும் ஓட்டிக்கலாம். நான் முன்னாடி ஆறு வருசம் டிரைவ் டெஸ்ட் வேலை பார்த்தவன், கார்ல லேப்டாப்ப வச்சுக்கிட்டு ஊரு ஊரா சுத்தி எந்த டவர் எப்படிப் பாடுதுன்னு லாக் எடுக்குற வேலை. அதனால இந்த பாக்ஸுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் நோண்டிப் பார்க்கத் தெரியும்.

பிளான் 100 எம்பிபிஎஸ். மாசத்துக்கு 1000 ஜிபி, எங்க வீட்டுல பாதி கூடத் தாண்டல. இன்ஸ்டால் பண்ண வந்த தம்பி ரொம்ப நல்ல பையன், வெயில்ல மாடிக்கு ஏறி பைப்ப கட்டி ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டாரு. மெயின் ரோட்டு டவர் பக்கம் பாக்ஸ திருப்பி வச்சுட்டு "அண்ணே, இந்தா பாருங்க, சிக்னல் ஃபுல்லா இருக்கு, மைனஸ் 78, இதுக்கு மேல என்ன வேணும்"னு காட்டுனாரு. இந்த மைனஸ் எண் பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் பலம். ஸ்பீடு டெஸ்ட் போட்டா 96. மணி மத்தியானம் 3. எனக்கும் சந்தோசம் தான்.

அன்னைக்கு ராத்திரி எட்டரைக்கு அதே டெஸ்ட்டு, அதே எடம், 14 வந்துச்சு. அப்லோடு ஒண்ணரை. போர்டுல எழுதுறது பசங்களுக்குக் கட்டம் கட்டமா தெரியுது, "மிஸ், வாய்ஸ் கட்டாகுது மிஸ்"னு சாட்ல ஒருத்தன் மாத்தி ஒருத்தன் போடுறான். சரி முத நாள்ன்னு விட்டோம். மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் எழுதி வச்சுப் பார்த்தேன், காலைல 6 மணிக்கு 98, மத்தியானம் 90க்கு மேல, ராத்திரி 8ல இருந்து 10 வரைக்கும் 12, 17, 14, ஒரு நாள் 9. கஸ்டமர் கேர்ல கூப்பிட்டா "சார் உங்க சிக்னல் எக்சலண்டா இருக்கு, ரவுட்டர ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". இத நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் வேற வேற ஆளு, பதில் மட்டும் ஒண்ணே தான்.

இங்க தான் எல்லாரும் ஏமாறுற விசயம் இருக்கு. சிக்னல் நல்லா இருக்குன்னா டவர் சொல்றது உங்களுக்குக் கேக்குதுன்னு மட்டும் தான் அர்த்தம். அந்த டவருக்கு உங்களக் கவனிக்க நேரம் இருக்கான்னு அதுல தெரியாது.

எங்க தாத்தா ஊரு சிவகங்கைப் பக்கம், கண்மாய்ப் பாசனம். கண்மாய்ல தண்ணி கம்மியா இருக்குற வருசம் மடைய தெறந்து விட்டுட்டுப் போயிற முடியாது, நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பாரு, எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணின்னு அவரு தான் முறை வச்சு விடுவாரு. மடைக்குப் பக்கத்துல இருக்குற வயலுக்குத் தண்ணி சட்டுன்னு பாஞ்சுரும். கடைமடைக்குப் போற தண்ணில பாதி வாய்க்கால்லயே மண்ணு குடிச்சுரும், அதனால அதே அளவு வயல் நனையணும்னா கடைமடைக்காரருக்கு ரெண்டு மடங்கு நேரம் தெறந்து விடணும். நீர்க்கட்டி யாருக்குக் குடுத்தாலும் இன்னொருத்தருக்கு நேரம் கொறையும். செல் டவருக்குள்ளயும் இப்படி ஒரு நீர்க்கட்டி இருக்காரு, ஷெட்யூலர்ன்னு பேரு. அவரு முறை மாத்துற வேகம் தான் நம்மால நெனைச்சுப் பார்க்க முடியாதது, 4ஜில ஒரு செகண்டுக்கு ஆயிரம் தடவை, நம்ம ஊருல 3300 மெகாஹெர்ட்ஸ் பேண்டுல, அதாவது அந்த அலைவரிசைல, ஓடுற 5ஜில செகண்டுக்கு 2000 தடவை. அரை மில்லி செகண்டுக்கு ஒரு தடவை "இப்ப யாருக்கு எவ்வளவு"ன்னு ஒரு முடிவு.

எத பங்கு போடுறாருன்னா, ரிசோர்ஸ் பிளாக்குன்னு சின்னச் சின்ன துண்டு. டவர் கிட்ட இருக்குற அலைவரிசைய துண்டு துண்டா நறுக்கி வச்சிருப்பாங்க. 4ஜில 20 மெகாஹெர்ட்ஸ் வச்சிருந்தா 100 பிளாக், 5ஜில 100 மெகாஹெர்ட்ஸ் வச்சிருந்தா 273 பிளாக். அவ்வளவு தான் சரக்கு. 2022 ஏலத்துல கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல கொட்டி எடுத்தது இந்த மாதிரி துண்டுகளத் தான். டவர்ல பொதுவா மூணு பக்கம் மூணு செக்டர் இருக்கும், உங்க வீடு எந்த செக்டர் பக்கம் இருக்கோ அந்த செக்டரோட 273ல தான் உங்களுக்கும் பங்கு, பஸ்சுக்குக் காத்து நிக்கிறவங்களுக்கும் பங்கு, டீக்கடைல ரீல்ஸ் பார்க்குறவருக்கும் பங்கு, உங்கள மாதிரியே மாடில பாக்ஸ் வச்ச எதிர் வீட்டுக்காரருக்கும் பங்கு. ஒரே நேரத்துல 20 பேரு இழுத்தா சமமா பிரிச்சாக் கூட தலைக்கு 13 பிளாக் தான் சொச்சம்.

ஆனா எல்லாருடைய 13ம் ஒண்ணு இல்ல. சிக்னல் சுத்தமா இருக்குறவருக்கு ஒரு தடவைக்கு 8 பிட் ஏத்தி அனுப்பலாம், சத்தமும் குறுக்கீடுமா இருக்குறவருக்கு 2 பிட் தான் ஏத்த முடியும், அதுலயும் பாதி பிழை திருத்தத்துக்கே போயிரும். நான் தோராயமா கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதே 13 பிளாக்க சுத்தமான சிக்னல்ல ரெண்டு லேயரா, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு ஓட்டமா, அனுப்புனா 40 எம்பிபிஎஸ் கிட்ட வரும், மோசமான சிக்னல்ல ஒரே லேயரா அனுப்புனா 3 தான். ஒரே பங்கு, ஒரே டவர், 40க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம். இத மாத்தியும் யோசிச்சுப் பாருங்க, அந்த 3 எம்பிபிஎஸ்காரரு ஒரு படம் டவுன்லோடு பண்ணா மத்தவங்களோட நேரத்தப் பத்து மடங்குக்கு மேல சாப்பிடுறாரு. அவரு மேல தப்பு இல்ல, அவரோட பாக்ஸ யாரோ எங்கயோ திருப்பி வச்சுட்டுப் போனது தான் காரணம். மோசமா மாட்டுன ஒரு பாக்ஸ் தெருவுக்கே நெட்ட கொறைக்கும், இத எந்த சேல்ஸ்மேனும் சொல்ல மாட்டாரு.

அப்ப ஷெட்யூலர் எப்படித் தான் பிரிக்கிறாரு? நல்ல சிக்னல் இருக்குறவங்களுக்கே எல்லாத்தையும் குடுத்தா டவரோட மொத்த வேகம் கணக்குல சூப்பரா இருக்கும், கடைமடை காஞ்சு போகும். எல்லாருக்கும் சமமா முறை வச்சா நியாயம் மாதிரி தெரியும், ஆனா நிறைய பிளாக் வீணாப் போகும். இதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு, பிரபோர்ஷனல் ஃபேர்னு சொல்வாங்க. கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித அறிஞர் பிராங்க் கெல்லி 1997ல நெட்வொர்க்குகளுக்குன்னு போட்ட கணக்கு, அதுக்கு அப்புறம் 2000 வாக்குல சிப் செய்யிற குவால்காம் கம்பெனி தன்னோட ஈவிடிஓங்குற 3ஜி டேட்டாவுக்கு அதே யோசனைய கொண்டு வந்துச்சு. நம்ம ஊருல டாடா ஃபோட்டான் பிளஸ்ன்னு ஒரு டாங்கிள் லேப்டாப்புல சொருகிக்கிட்டு அலைஞ்சோமே, அது அந்த ஈவிடிஓல ஓடுனது தான். யோசனை ரொம்ப எளிமை: இந்த நிமிசம் உனக்கு எவ்வளவு வேகம் குடுக்க முடியும், இதுவரைக்கும் சராசரியா எவ்வளவு வாங்கியிருக்க, ரெண்டையும் வகுத்துப் பாரு, யாருக்கு அந்த எண் பெருசா இருக்கோ அவருக்கு இந்த முறை. ரொம்ப நேரமா கெடைக்காம நிக்கிறவரோட சராசரி இறங்கிக்கிட்டே வரும், அதனால அவரு எண் ஏறும், எப்படியும் முறை வந்துரும். அதே சமயம் அவரவர் சிக்னல் நல்லா இருக்குற நேரமா பார்த்துக் குடுக்குறதால பிளாக்கும் வீணாகாது. நான் வேலை பார்த்த காலத்துல முத தடவை இத ஒரு சீனியர் அண்ணன் டீக்கடைல பில்லு பேப்பர் பின்னாடி எழுதிக் காட்டுனாரு, ரெண்டு எண்ண வகுக்குறதுல இவ்வளவு நியாயம் இருக்கான்னு ஆச்சரியமா இருந்துச்சு, இப்பவும் இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, ஷெட்யூலர் இப்படித் தான் பிரிக்கணும்னு மொபைல் நெட்வொர்க்குக்கு உலகப் பொது விதி எழுதுற 3ஜிபிபி ஸ்டாண்டர்டுல எழுதி வைக்கல, எரிக்சன், நோக்கியா மாதிரி கருவி செய்யிற கம்பெனிங்க அவங்கவங்க பாணில எழுதிக்கிறாங்க, மொபைல் கம்பெனி அதுல யாருக்கு எவ்வளவு வெயிட்டுன்னு செட் பண்ணிக்கும்.

இது போக வரிசையத் தாண்டிப் போற ஆளுங்களும் உண்டு. வோல்ட்டி கால், அதாவது 4ஜி வழியா போற வாய்ஸ் கால், பேசும் போது அதுக்குன்னு உறுதியான இடம் ஒதுக்கிருவாங்க, நம்ம சாதாரண டேட்டா கடைசி வகுப்புல நிக்கும். நெட்டு சுத்தமா நகராத நேரத்துலயும் போன் பேச்சு தெளிவா கேக்குறது இதனால தான்.

நம்ம கதைக்கு வர்றேன். பாக்ஸோட செட்டிங் பேஜ தெறந்து பார்த்தேன், அதுல ஆர்எஸ்ஆர்பின்னு ஒண்ணு இருக்கும், எஸ்ஐஎன்ஆர்னு ஒண்ணு இருக்கும். முதலாவது சத்தம் எவ்வளவு பலமா வருதுன்னு சொல்றது, ரெண்டாவது அந்தச் சத்தம் மத்த இரைச்சலத் தாண்டி எவ்வளவு தெளிவா கேக்குதுன்னு சொல்றது. தம்பி காட்டுனது முதலாவது, மைனஸ் 78, நல்லா தான் இருக்கு. ரெண்டாவது ராத்திரில 8, 9 தான். எங்க வீடு மெயின் ரோட்டு டவரோட ரெண்டு செக்டருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிது, ரெண்டு பக்கமும் கூட்டம், ரெண்டும் சத்தமா பேசுது, எனக்கு ஒண்ணும் தெளிவா கேக்கல. போதாததுக்கு அந்த செக்டர்ல தான் திண்டுக்கல் ரோட்டுக் கடைத்தெரு முழுக்க இருக்கு.

மேற்க கண்மாய்க்கரைப் பக்கம் இன்னொரு டவர் இருக்கு, முக்கால் கிலோமீட்டருக்கு மேல இருக்கும். அந்தப் பக்கம் வீடு கம்மி. ஒரு ஞாயித்துக்கிழமை தம்பிய திரும்ப வரச் சொன்னேன், வந்தாரு, பாவம், "அண்ணே அங்கிட்டுத் திருப்புனா சிக்னல் கொறையும்ணே, அப்புறம் எங்க ஆபீஸ்ல என்னையத் தான் கேப்பாங்க"ன்னாரு. "தம்பி, ஒரு வாரம் வச்சுப் பார்ப்போம், சரிப்படலன்னா நானே திருப்பிக்கிறேன்"னு சொல்லி, பைப்ப ரெண்டடி ஒசத்தி, வேப்ப மரம் மறைக்காத மூலைக்கு மாத்தி, கண்மாய் பக்கம் திருப்புனோம். அஞ்சஞ்சு டிகிரியா திருப்பி ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிசம் விட்டு எஸ்ஐஎன்ஆர் பார்த்தோம். கடைசில நின்னது: சிக்னல் மைனஸ் 93, முன்ன இருந்தத விட ரொம்பக் கம்மி, ஆனா எஸ்ஐஎன்ஆர் 19. ரவுட்டர்ல கட்டை ரெண்டு தான் எரியுது.

அன்னைக்கு ராத்திரி எட்டரைக்கு 74 வந்துச்சு. அப்லோடு 11. என் மனைவி கிளாஸ் முடிச்சுட்டு வந்து "இன்னைக்கு ஒரு பிள்ளை கூட வாய்ஸ் கட்டாகுதுன்னு சொல்லல"ன்னாங்க. அதுக்கு அப்புறம் ஏழு மாசத்துல ராத்திரி நேரத்துல 50க்கு கீழ இறங்குனது விரல் விட்டு எண்ணிரலாம். அந்தத் தம்பி இப்ப எங்க ஏரியால எந்த வீட்டுல மாட்டுனாலும் ரெண்டு எண்ணையும் பார்த்துட்டு தான் பைப்ப டைட் பண்றாரு, எனக்கு போன் போட்டும் சொல்வாரு. இப்படி ஒரு ஆள வேலைக்கு வச்சிருக்குற கம்பெனி, ராத்திரி எட்டரைக்கு எந்த செக்டர் எவ்வளவு நெரம்பி இருக்குன்னு ஒரு ஸ்கிரீன அவரு போன்ல காட்டக் கூடாதா? அந்த விவரம் அவங்க கிட்ட மணிக்கணக்குல சேர்ந்துக்கிட்டே தான் இருக்கு, நானே அந்த ரிப்போர்ட்டு எல்லாம் பார்த்தவன். மாட்டுறவருக்கு மட்டும் போய்ச் சேர மாட்டேங்குது. எனக்கு இந்த சர்வீஸ் மேல இருக்குற பெரிய குறை இது தான்.

அப்லோடு பத்தி தனியா சொல்லணும், விளம்பரத்துல யாரும் சொல்றதில்ல. இந்த 3300 பேண்டுல டவுன்லோடும் அப்லோடும் ஒரே அலைவரிசைய மாத்தி மாத்தி யூஸ் பண்ணும். பரவலா வைக்கிற முறைல அஞ்சு ஸ்லாட்டுல, அதாவது அஞ்சு நேரத் துண்டுல, மூணு டவுன்லோடுக்கு, ஒண்ணு நடுவுல மாறுறதுக்கு, ஒண்ணே ஒண்ணு தான் அப்லோடுக்கு. அதனால டவுன்லோடு 100ன்னா அப்லோடும் 100ன்னு நெனைச்சு வாங்காதீங்க, ஃபைபர்ல அது சகஜம், இதுல இல்ல. கிளாஸ் எடுக்குறவங்களுக்கு 8, 10 வந்தா தாராளம். கல்யாண வீடியோ எடிட் பண்ணி 100 ஜிபி ஏத்துறவங்க இத நம்பி எறங்காதீங்க, ராத்திரி முழுக்க போட்டு வச்சாலும் முடியாது.

மழைக்குப் பயப்படாதீங்க, ஐப்பசி மழைல ஒரு நாள் கூட வேகம் இறங்கல, இந்த பேண்டுல மழை பெருசா ஒண்ணும் பண்ணாது, 26 கிகாஹெர்ட்ஸ் மாதிரி உசந்த பேண்டுல தான் மழை அடிக்கும். இலை அடர்ந்த மரம் தான் எதிரி. கரண்ட் போனா பாக்ஸும் போயிரும், ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வச்சுக்கோங்க. கேம் ஆடுறவங்களுக்கு பிங், அதாவது செய்தி போய்த் திரும்ப ஆகுற நேரம், பகல்ல 25, 30 மில்லி செகண்டு வருது, ராத்திரி அப்பப்ப 60க்குத் தாவும், முறை வர்றதுக்குக் காத்து நிக்கிற நேரம் அது.

சித்திரைத் திருவிழா சமயத்துல ஒரு விசயம் கவனிச்சேன். கள்ளழகர வரவேற்குற எதிர்சேவை அன்னைக்கு தல்லாகுளத்துல நின்னுக்கிட்டு போன்ல ஒரு போட்டோ கூட அனுப்ப முடியல, கட்டை ஃபுல்லா தான் இருந்துச்சு. அவ்வளவு கூட்டத்துல பிளாக் பங்கு கெடைக்கிறது ரெண்டாவது பிரச்சனை, "நான் இருக்கேன், எனக்கும் குடு"ன்னு டவர் கிட்ட கை தூக்குறதே கஷ்டம். கை தூக்குறதுக்குன்னு டவரோட ஒரு செக்டருக்கு 64 அடையாளம் தான் இருக்கு, ஒரே நேரத்துல ரெண்டு பேரு ஒரே அடையாளத்த எடுத்துட்டா மோதிரும், திரும்ப மொதல்ல இருந்து கை தூக்கணும். அந்த ராத்திரி வீட்டுல கேட்டா பாக்ஸ்ல 70 ஓடுச்சாம், கண்மாய்க்கரை டவருக்குத் திருவிழா தெரியல.

ஒரு கவலை இருக்கு. இந்த பாக்ஸ் ஒவ்வொண்ணும் ஒரு போன் இழுக்குறத விட பல மடங்கு இழுக்கும், டிவி, லேப்டாப்பு எல்லாம் அதுல தான். கம்பெனிங்க ஹோம் இன்டர்நெட்டையும் மொபைலையும் தனித்தனி பங்கா பிரிச்சு வைக்க ஸ்லைசிங்குன்னு ஒண்ணு யூஸ் பண்ண ஆரம்பிச்சிருக்காங்க, ஜியோ அவங்க ஏர்ஃபைபர்ங்குற 5ஜி ஹோம் இன்டர்நெட்டுக்கு அப்படி செய்யிறதா வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க. நல்ல விசயம், ஒருத்தர் பங்குல ஒருத்தர் கை வைக்காம இருக்கும். ஆனா ஸ்லைஸ் போட்டா புதுசா பிளாக் பொறக்காது, அதே 273 தான். எங்க தெருவுல எனக்கு அப்புறம் ஆறு பாக்ஸ் வந்துருச்சு. ஏழாவதா எதிர் வீட்டு மாமா அப்ளை பண்ணாரு, "இப்போதைக்கு உங்க லொகேஷன்ல குடுக்க முடியாது"ன்னு மெசேஜ் வந்துச்சு. அவருக்குக் கோவம். எனக்கு அது தான் இந்த எட்டு மாசத்துல கம்பெனி செஞ்ச நேர்மையான காரியம்னு தோணுச்சு, நெரம்பிருச்சுன்னா விக்கக் கூடாது, அத விட்டுட்டு வித்துட்டு அப்புறம் ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றது சரியில்ல.

சட்டம் நமக்கு ரொம்பத் துணைக்கு வராது. 2023ல இருந்து 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அதுக்குப் பேரு பிராட்பேண்ட். டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024ல கொண்டு வந்த தர விதில கம்பெனிங்க அவங்க வெப்சைட்ல கவரேஜ் மேப் போடணும்னு இருக்கு, போட்டிருக்காங்க, ஆனா அதுல எங்க சிக்னல் இருக்குன்னு தான் தெரியும், எங்க கூட்டம்னு தெரியாது.

வாங்குறவங்க செய்ய வேண்டியது: அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போன் ஒண்ண யார் கிட்டயாவது வாங்கி, மொட்டை மாடில நின்னு, ராத்திரி எட்டரைக்கு, வார நாள் ஒண்ணு ஞாயித்துக்கிழமை ஒண்ணு, டெஸ்ட் போடுங்க. மத்தியான ஸ்பீட நம்பாதீங்க. மாட்ட வர்றவர் கிட்ட எஸ்ஐஎன்ஆர் எவ்வளவுன்னு கேளுங்க, 15க்கு மேல வர்ற பக்கமா திருப்பச் சொல்லுங்க, கட்டை கொறைஞ்சாலும் பரவால்ல. வருச பிளான் கட்டாதீங்க, மொத மூணு மாசம் மாசா மாசம் கட்டுங்க, உங்க செக்டர்ல நாளைக்கு எத்தனை பேரு வந்து சேருவாங்கன்னு மாட்டுன அன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது.

அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டா, மொத வாரம் ஒண்ணரை, திருப்பி மாட்டுனதுக்கு அப்புறம் நாலு. கஸ்டமர் கேருக்கு ஒண்ணும் இல்ல, மாட்டுன தம்பிக்கு அஞ்சு. ஃபைபர் வந்தா மாறிருவேன், கிளாஸுக்கு அது தான் நிம்மதி. போன வாரம் ரோட்டு முக்குல குழி தோண்டி வச்சிருக்காங்க, எதுக்குன்னு விசாரிச்சேன், குடிதண்ணிக் குழாய்க்காம். மாமா வீட்டுக்கு இப்போதைக்கு எங்க வைஃபை பாஸ்வேர்ட குடுத்திருக்கேன், அவரு பேத்தியும் பத்தாவது, என் மனைவி கிட்ட தான் படிக்குது.